மாயக்காளின் எட்டாவது கோரிக்கை

எங்கள் சங்கத்துக்கு வருகிறவர்கள் முதலில் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள், பிறகு உட்கார்ந்து குறையைச் சொல்வார்கள். மாயக்காள் செருப்பைக் கழற்றவும் இல்லை, உட்காரவும் இல்லை. மாடிப்படி ஏறிய வேகத்தில் நேராக என் மேசைக்கு முன்னால் வந்து நின்று, நாலாக மடித்த தாளை நீட்டினார். சேலையெல்லாம் மிளகாய் நெடி. எனக்குத் தும்மல் வந்துவிட்டது.

“தும்மிட்டே படிங்கண்ணே. ஆனா இப்பவே படிங்க.”

படித்தேன். அவருடைய மில் இருக்கும் இடம் திட்ட வரைபடத்தில் குடியிருப்புப் பகுதியாகிவிட்டதாம். அங்கே ஆலை நடத்த இனி அனுமதி இல்லையாம். தொண்ணூறு நாளுக்குள் நிறுத்தாவிட்டால் பூட்டி சீல் வைப்பார்களாம். தேதியைப் பார்த்தேன். ஏற்கெனவே பதினோரு நாள் போயிருந்தது.

“ஏம்மா, இத்தன நாளா என்ன செஞ்சே?”

“ஒவ்வொரு ஆபீசா ஏறி எறங்குனேன். சட்டம் மாறுனாத்தான் ஒண்ணு செய்ய முடியும்ங்கிறாக. சட்டத்த மாத்துறது யாருன்னு கேட்டேன். சட்டசபைன்னாக. சட்டசபைக்கு எழுதுறது நம்ம ரவி அண்ணந்தானன்னு இங்க வந்துட்டேன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துச் சிரிக்க முடியவில்லை.

நான் ரவிசங்கர். வடகரை வணிகர் சிறுதொழில் சங்கத்தின் அலுவலகச் செயலாளர். பதவியின் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். தட்டச்சு அடிப்பது, தபால் போடுவது, டீ சொல்வது, தலைவர் மறந்ததை ஞாபகப்படுத்துவது எல்லாம் நான்தான். வீட்டில் சௌராஷ்டிரம், சங்கத்தில் தமிழ், அரசாங்கத்துக்கு ‘மேன்மை தாங்கிய’ பாஷை என்று இருபத்துமூன்று வருஷம் ஓட்டிவிட்டேன். வருஷத்துக்கு ஒருமுறை சட்டமன்றக் கூட்டத்தொடருக்கு முன்னால் சங்கத்தின் முன்னுரிமைக் கோரிக்கைகளை அடித்து அனுப்புவதுதான் என்னுடைய பெரிய வேலை. பெரிய வேலை என்றாலும் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். போன வருஷத்து மனுவில் தேதியை மாற்றினால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

மாயக்காளை எனக்கு அவர் மில்லைக் கையில் எடுத்த நாளிலிருந்து தெரியும். கீழக்குயில்குடியில் பிறந்து பரவைக்கு வாக்கப்பட்டவர். கணவர் நல்லகாமன் ஒரு சின்ன மாவு மில் வைத்திருந்தார். நாலு நாள் காய்ச்சலில் அவர் போனபோது மாயக்காளுக்கு முப்பத்தொரு வயது. காரியம் முடிந்த மறுநாளே மில்லைத் திறந்தார். பொம்பளை பெல்ட் மாட்டுவதா என்று பங்காளிகள் வாசலில் நின்று பேசினார்கள். ஒருநாள் பெல்ட் அறுந்து முழங்கைக்குக் கீழே சதையைக் கிழித்தது. அந்தக் கட்டோடு மறுநாளும் திறந்தார். தேய்ந்த அரவைக் கல்லைக் கொத்துவதற்குத் திண்டுக்கல்லிலிருந்து வருகிற ஆள் இரண்டு தடவை ஏமாற்றினார். மூன்றாம் தடவை அவர் வரத் தேவையில்லாமல் போனது, மாயக்காளே உளி பிடித்துவிட்டார்.

அப்புறம் மிளகாய், மல்லி, மஞ்சள் என்று வேலை பெருகியது. கல்யாண சமையல்காரர்களும் மெஸ்காரர்களும் நகரத்திலிருந்து வண்டி போட்டு வந்தார்கள். மஞ்சள் அரைக்கப் பல்வரைசர் மெஷின் வாங்கினார். பழைய அஞ்சு எச்.பி. மோட்டார் அதை இழுக்காது என்று பத்து எச்.பி. மாட்டினார். அந்த மெஷின்களை நம்பி அப்போது ஆறு பெண்கள் அங்கே வேலை பார்த்தார்கள். மூத்தவர் மலையம்மாள், மஞ்சளைக் கையில் ஒடித்துப் பார்த்தே ஈரம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார்.

இதில் ஒரு குளறுபடி உண்டு. மோட்டார் பத்து ஆனாலும் உரிமத்தில் பழைய அஞ்சுதான் இருந்தது. வருஷா வருஷம் புதுப்பிக்க எழுதிக் கொடுப்பவன் நான். “மாத்துனா நூறு கேள்வி கேப்பாங்க, அஞ்சாவே இருக்கட்டும்” என்று சொன்னவனும் நான். அதிகாரி என்ன கேட்டாலும் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சங்கத்தில் எழுதப்படாத விதி. ஆறு பேர் வேலை பார்த்தால் மூணு என்போம். பத்து மூட்டை ஓடினால் நாலு என்போம். உறுப்பினர் சந்தா கட்டிய அன்றைக்கே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவேன்.

மில்லைச் சுற்றி ஒரு காலத்தில் வயல். பிறகு மனை பிரித்து வண்ணக் கல் நட்டார்கள், பிறகு வீடு கட்டினார்கள். வீட்டுக்காரர்கள் மிளகாய் நெடி தாங்கவில்லை என்று மனு போட்டார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன். நானே தும்மினேனே.

அந்த வார சனிக்கிழமை செயற்குழு கூடியது. தலைவர் அழகுபாண்டிக்கு ஒரு ரைஸ் மில்லும் மூன்று சரக்குக் கிட்டங்கியும் இருக்கின்றன. நல்ல மனுஷர், ஆனால் பேசும்போது குறுக்கே பேசினால் பிடிக்காது. மாயக்காள் வாசலோரம் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். மனுவில் பதினோரு கோரிக்கைகள். முதல் கோரிக்கை, சுற்றுச்சாலை ஓரம் லாரி நிறுத்துமிடம். அது தலைவருடையது. மற்றவை, ஒன்றைத் தவிர, ஒவ்வொரு நிர்வாகியுடையவை.

நான் மாயக்காளின் விஷயத்தைச் சொன்னதும் தலைவர் தலையை ஆட்டினார்.

“நியாயமான கோரிக்கதான். ஆனா பதினொண்ணு ஆயிருச்சேம்மா. பன்னெண்டு ஆக்க முடியாது. ரெட்டப்படையில மனு குடுத்து நம்ம சங்கத்துக்கு எதுவும் வெளங்குனதில்ல.”

“அப்ப ஒண்ண எடுங்க தலைவரே” என்றார் மாயக்காள்.

“எத எடுக்க? எதன்னு சொல்லு பாப்போம்.” சுற்றியிருந்த ஒன்பது நிர்வாகிகளும் தங்கள் தங்கள் வரிமீது விரலை வைத்துக்கொண்டார்கள்.

மாயக்காள் எழுந்து வந்து என் கையிலிருந்த தாளை வாங்கினார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கி ஓரிடத்தில் நின்றது.

“இந்த எட்டு என்னது? ‘சங்க வாசலில் உள்ள மின்கம்பத்தை மாற்றியமைக்க வேண்டும்’. இதுக்குச் சட்டசபையா?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் வெட்கமாக இருந்தது. எட்டு ராசியில்லாத எண் என்பதால் யாரும் தங்கள் கோரிக்கையை அந்த இடத்தில் வைக்க விடுவதில்லை. ஏழிலிருந்து ஒன்பதுக்குத் தாவினால் அரசாங்கத்தில் கேள்வி வரும். அதனால் எட்டாவதாக ஒன்றுக்கும் உதவாத ஏதாவது ஒன்றை எழுதிவிடுவேன். ஒன்பது வருஷமாக அங்கே அந்த மின்கம்பம் நிற்கிறது.

“கம்பத்த எடுத்துட்டு அந்த எடத்த எனக்குக் குடுங்க.”

“எட்டும்மா அது. வெளையாடாத” என்றார் தலைவர்.

“எட்டு என்னைய என்ன செஞ்சுரும் தலைவரே? செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சிருச்சு. குடுங்க.”

“சரி, எழுதுய்யா” என்றார் தலைவர் என்னிடம். அன்று சாயங்காலமே அடித்தேன். ‘குடியிருப்புப் பகுதியாக அறிவிக்கப்படும் முன்பே இயங்கிவந்த, பத்து எச்.பி. வரையிலான சிறு ஆலைகள் அதே இடத்தில் தொடர்ந்து இயங்க அனுமதிக்க வேண்டும்.’ என் வாழ்நாளில் நான் யாருடைய மனுவையும் பார்க்காமல் சொந்தமாக எழுதிய கோரிக்கை அது ஒன்றுதான். வழக்கப்படி தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவினோம். மஞ்சள் மாயக்காள் மில்லுடையது.

கூட்டத்தொடருக்கு முன்னால் துறைச் செயலாளர் மதுரைக்கே வந்து சங்கங்களிடம் கருத்துக் கேட்டார். சென்னையிலிருந்து வந்த அம்மா, ஐம்பது வயதிருக்கும், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கும் பழக்கம். ஏழு சங்கங்கள் வந்திருந்தன. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம். சீல் வைக்க இன்னும் ஐம்பத்துநாலு நாள் இருந்தது. மாயக்காள் நாளை எண்ணிக்கொண்டே வந்தார், வேனில் ஏறும்போது “அம்பத்திநாலு” என்றார், இறங்கும்போதும் சொன்னார்.

வேனில் தலைவர் வழக்கமான உபதேசத்தைச் செய்தார். “கேட்டா மட்டும் பேசுங்க. எதையும் கொறச்சே சொல்லுங்க. இருக்கிறத அப்படியே சொல்லிட்டு வந்து எங்கிட்ட அழாதீங்க.”

எங்கள் முறை வந்தது. தலைவர் லாரி நிறுத்துமிடத்தைப் பற்றியே எட்டு நிமிடம் பேசினார். மாயக்காள் கடைசி வரிசையில் இருந்தார். நான் கோப்புகளை அணைத்துக்கொண்டு சுவரோரம் நின்றேன். கடிகாரம் எனக்கு நேர் எதிரே. இரண்டிலிருந்து ஏழு வரை தலைவர் ஒரே மூச்சில் படித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொது இடத்தில் படிக்கும்போது தலைவர் எட்டைத் தாண்டிவிடுவார். ஒன்பது வருஷப் பழக்கம். எனக்கு அது தெரியும். முதல்நாளே அவரிடம் ஞாபகப்படுத்தியிருக்க வேண்டும், மறந்துவிட்டேன்.

“ஒன்பது” என்று ஆரம்பித்தார் தலைவர்.

பின்னாலிருந்து நாற்காலி நகரும் சத்தம்.

“தலைவரே, எட்டு.”

மண்டபமே திரும்பியது. தலைவர் முகம் கறுத்தது. அந்த அம்மா கையிலிருந்த தாளைப் பார்த்தார். “ஆமா, எட்டு எங்கே? படிக்கலையே. யாரோடது இது? நீங்களா? முன்னால வாங்க.”

மாயக்காள் நடந்து வந்தார். பேச வராது, அழுதுவிடுவார் என்று நினைத்தேன். அழவில்லை.

“அம்மா, நாங்க வீட்டுக்கு நடுவுல மில்லக் கொண்டாந்து வைக்கல. மில்லச் சுத்தி வீடு வந்துருச்சு. எம் மில்லு அங்க இருவத்தாறு வருசமா இருக்கு. ஆறு பொம்பளைக அத வச்சுத்தான் கஞ்சி குடிக்கிறாக. தூசி வெளிய போகாம தகரம் அடிக்கச் சொல்லுங்க, அடிக்கிறேன். ராத்திரி ஓட்டாதன்னு சொல்லுங்க, ஓட்டல. எடத்த விட்டுப் போன்னா எங்கிட்டுப் போவேன்?”

அவ்வளவுதான். அதற்கு முன்னால் பேசிய ஆறு சங்கமும் வாங்காத ஒன்றை அவர் வாங்கிவிட்டார். அந்த அம்மா பேனாவைத் திறந்தார்.

“நியாயமாத்தான் இருக்கு. ஆனா பத்து எச்.பி. வரைன்னு போட்டிருக்கீங்களே, மாவு மில்லுக்கு அவ்வளவு வேணுமா? உங்க மில்லுல எவ்வளவு ஓடுது?”

மாயக்காள் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு என் பக்கம் திரும்பினார்.

இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடுகிறேன். என் கண்முன்னால் அவருடைய உரிமம் நின்றது. அதில் நான் எழுதிய அஞ்சு நின்றது. பத்து என்று சொன்னால் இத்தனை வருஷம் ஏன் மறைத்தாய் என்று கேட்பார்கள், எழுதிக் கொடுத்தது யார் என்று கேட்பார்கள். நான் கோப்பின் மேலே வைத்திருந்த கையை மெதுவாக விரித்தேன். ஐந்து விரல்.

“அஞ்சுதாம்மா” என்றார் மாயக்காள்.

“அப்ப அஞ்சு போதுமே. சின்ன ஆளுங்களுக்குன்னு சொன்னா மேல ஒத்துக்கவும் ஒத்துக்குவாங்க.” அந்த அம்மா தாளில் பத்தை அடித்துவிட்டு அஞ்சு என்று எழுதுவதை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். இல்லை அம்மா, பத்துதான் வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்ல ஐந்து அடி நடந்தால் போதும். என் கால் நகரவில்லை. தலைவர் “ஒன்பது” என்று மறுபடி ஆரம்பித்துவிட்டார்.

வேனில் திரும்பும்போது மாயக்காள் கேட்டார். “சரியாத்தானண்ணே சொன்னேன்?”

“சரிதாம்மா” என்றேன்.

அடுத்த ஆறு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. சட்டசபை கூடியது. மாயக்காள் மில்லில் டிவி கிடையாது, மலையம்மாள் தன் போனில் பார்த்துச் சொல்வாராம். தினமும் பதினொரு மணிக்கு எனக்குப் போன் வரும். “இன்னிக்கு நம்மது வருதாண்ணே?” நான் இல்லை என்பேன். “முப்பது நாளுதான் இருக்கு.” “இருவத்தி ரெண்டு.” அவர் சொல்லும் எண் குறையக் குறைய, அறிவிப்பு வரவே கூடாது என்று ஒரு மனசும், வந்தால் பத்தாக வரட்டும் என்று ஒரு மனசும் எனக்குள் சண்டை போட்டன. என்ன கேவலமான பிழைப்பு.

பதினாலு நாள் மிச்சமிருக்கும்போது அறிவிப்பு வந்தது. குடியிருப்புப் பகுதியில் ஏற்கெனவே இயங்கும் சிறு ஆலைகளுக்கு அனுமதி. ஐந்து எச்.பி. வரை.

சங்க வாசலில் சரவெடி வைத்தார்கள். எங்கள் பக்கத்து மாவு மில்கள், சீயக்காய் மில்கள் என்று நாற்பதுக்கும் மேலே தப்பித்தன. தலைவருக்கு ஆளுயர மாலை. “நம்ம சங்கம் கேட்டு இம்புட்டுச் சீக்கிரம் ஒண்ணு வந்தது இதுதான் மாப்ள” என்று பொருளாளரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மாயக்காள் வரவில்லை. அன்று பதினொரு மணிக்குப் போனும் வரவில்லை.

மறுநாள் நான் பரவைக்குப் பஸ் ஏறினேன். மில் வாசலில் பத்து எச்.பி. மோட்டார் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. வாங்க வந்தவர்கள் அதைச் சுற்றி நின்றார்கள். மாயக்காள் உள்ளே புதிதாக வந்த அஞ்சு எச்.பி. மோட்டாருக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார்.

“ஒரு லெட்டர் போடுவோம்மா. தப்பாச் சொல்லிட்டோம், பத்துதான் ஓடுதுன்னு.”

“போட்டா? பொய் சொன்னவ கேட்டதுன்னு மொத்தத்தையும் நிப்பாட்டிட்டா? அந்த நாப்பது மில்லுக்காரனும் எம் மூஞ்சியப் பாப்பானா?” ஸ்பேனரைக் கீழே வைத்தார். “மாவு ஓடும். மொளகா கொஞ்சங் கொஞ்சமாப் போட்டா ஓடும். மஞ்ச ஓடாது.”

மஞ்சள் ஓடாது என்றால் மஞ்சள் வேலைக்கு ஆள் தேவையில்லை. அந்த மாதக் கடைசியில் இரண்டு பேரை வர வேண்டாம் என்று சொன்னார். அதில் ஒருவர் மலையம்மாள்.

சீல் வைக்க வேண்டிய நாளில் சோதனைக்கு ஓர் இளம் அதிகாரி வந்தார். நானும் போயிருந்தேன். மோட்டார் எவ்வளவு என்று கேட்டார். அஞ்சு என்றார் மாயக்காள். “எல்லாரும் அஞ்சுன்னுதான் சொல்றீங்க” என்று அவர் சிரித்தார். மோட்டாரை மூடியிருந்த தகரத்தைக் கழற்றச் சொல்லி, டார்ச் அடித்து, மோட்டாரில் பதித்திருந்த தகட்டைப் படித்து, போட்டோ எடுத்தார். படித்த பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. “நெசமாவே அஞ்சுதான்” என்றார். மாயக்காள் தகரத்தைத் திரும்ப மாட்டினார்.

ஒரு வருஷம் ஓடிவிட்டது. மறுபடி கூட்டத்தொடர், மறுபடி மனு. எட்டாவதாகப் பத்து எச்.பி.யைப் போடுகிறேன் என்று தலைவரிடம் கேட்டேன். “குடுத்ததையே திருப்பிக் கேட்டா மரியாதையா இருக்காதுய்யா. கம்பத்தப் போடு” என்றார். அத்தோடு இந்த வருஷம் மனுவுக்கு முன்னால் ‘சங்கம் சாதித்தவை’ என்று ஒரு பக்கம் சேர்க்கச் சொன்னார். முதல் வரி என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதை அடித்துக்கொண்டிருக்கும்போது மாயக்காள் உரிமம் புதுப்பிக்க வந்தார். திரையைப் பார்த்துவிட்டார். மறைக்க எனக்கு நேரமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தார். “குடியிருப்புப் பகுதியில் உள்ள சிறு ஆலைகள் தொடர அனுமதி. நிறைவேறியது.”

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். “தப்பு என்மேலதாம்மா. நாந்தான் கையக் காமிச்சேன்.”

“கையத்தானண்ணே காமிச்சீங்க. வாயால சொன்னது நானு.” விண்ணப்பத்தை என் மேசையில் வைத்தார். கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. “மலையம்மா இப்ப ஒத்தக்கடையில புது வீடுகளுக்குப் பாத்திரம் வெளக்கப் போறா. ரெண்டு பஸ்சு மாறணும். ஞாயித்துக்கெழமையானா எங்கிட்ட வந்து உக்காந்துக்கிறா. அடுத்த சட்டசபையில பத்து வந்துருமான்னு கேக்குறா. ரவி அண்ணன் எழுதிருவாருன்னு சொல்லி வச்சிருக்கேன்.”

திரையில் இருந்த ‘நிறைவேறியது’ என்ற வார்த்தையை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. அவகிட்ட நான் என்னண்ணே சொல்லட்டும்?”